தோற்றவனுக்கும் ஒரு பாயிண்ட்

கனடாவின் ஐஸ் ஹாக்கி டீம் கால்கரி ஃபிளேம்ஸ் இந்த 2025 சீசனில் 96 பாயிண்ட் எடுத்தும் பிளேஆஃப்புக்குள், அதாவது லீக் முடிந்ததும் கோப்பைக்காக ஆடுகிற சுற்றுக்குள், போகவில்லை. செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் எடுத்ததும் அதே 96தான். அவர்கள் உள்ளே, இவர்கள் வெளியே. புதன்கிழமை காலையிலிருந்து எங்கள் வீட்டில் இதுதான் பேச்சு. "ஏமாத்திப் போட்டானுக" என்கிறான் கால்கரியில் இருக்கும் அண்ணன். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்கிறேன் நான். போனில் முழுசாகச் சொல்ல விடுவதில்லை. பாதியிலேயே "உனக்கென்ன தெரியும், ஒரு மேட்ச்சாவது நேர்ல பாத்திருக்கியா" என்று ஆரம்பித்துவிடுகிறான். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். படித்துவிட்டுக் கூப்பிடட்டும்.

கோபிச்செட்டிபாளையத்துக்கும் ஐஸ் ஹாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அண்ணன் வேலை கிடைத்துப் போனது கால்கரிக்கு, அதனால் ஃபிளேம்ஸ். அண்ணி கல்யாணத்துக்கு முன்னாலேயே எட்மன்டனில் வேலை பார்த்தவர், அதனால் ஆயிலர்ஸ். இந்த இரண்டு ஊருக்கும் நடுவே முந்நூறு கிலோமீட்டர்தான், ஆனால் இரண்டு டீமுக்கும் ஆகவே ஆகாது. பத்துப் பொருத்தம் பார்த்த ஜோசியர் இதைப் பார்க்காமல் விட்டுவிட்டார். சித்தப்பா பையன் படிக்கப் போன இடம் வின்னிபெக், அவனுக்கு ஜெட்ஸ். அத்தை பையன் டொரன்டோ பக்கத்தில் பிராம்ப்டனில் இருக்கிறார், அவருக்கு மேப்பிள் லீஃப்ஸ். ஒருத்தரும் டீமைத் தேர்ந்தெடுக்கவில்லை. எந்த ஏர்போர்ட்டில் இறங்கினார்களோ அந்த ஊர் டீம்.

இதில் அப்பா எப்படி வந்து மாட்டினார் என்றால், நேரம் ஒத்துப்போனதுதான் காரணம். மார்ச், ஏப்ரலில் டொரன்டோவில் ராத்திரி ஏழு மணிக்கு ஆரம்பிக்கிற மேட்ச் நமக்கு விடிகாலை நாலரை. அப்பா பால் கறக்க எழுகிற நேரம். வின்னிபெக் மேட்ச் ஐந்தரை. கால்கரி ஆறரை. அப்போது அப்பா சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டுத் திரும்பி, திண்ணையில் காபியோடு உட்கார்ந்திருப்பார். கனடாவிலும் அமெரிக்காவிலும் 32 டீம் சேர்ந்து ஆடுகிற என்எச்எல், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்து விவசாயி ஒருத்தருக்கு இவ்வளவு தோதாக அட்டவணை போட்டிருக்கிறது.

அண்ணன் வீடியோ கால் போட்டு, போனை டிவிக்கு எதிரே சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிடுவான். அதில் அந்தக் கறுப்பு வட்டு கண்ணுக்குத் தெரியவே தெரியாது. வெள்ளைத் தரையில் சிவப்புச் சட்டைக்காரர்கள் சறுக்கிக்கொண்டு போவது தெரியும், திடீரென்று எல்லோரும் ஒரு மூலையில் போய் முட்டிக்கொண்டு நிற்பது தெரியும். அப்புறம் ஒரு கத்தல். அந்தக் கத்தலை வைத்து "கோலு" என்பார் அப்பா. பெரும்பாலும் சரியாக இருக்கும். எந்த டீம் போட்டது என்பதற்கும் வழி வைத்திருக்கிறார்: அண்ணன் கத்தினால் கால்கரி, பின்னால் அடுப்படியிலிருந்து அண்ணி சிரித்தால் மற்றது.

விளையாட்டில் அப்பாவுக்குப் பிடித்தது சண்டை. இரண்டு பேர் கையுறையைக் கழற்றி ஐஸில் வீசிவிட்டு, சட்டையைப் பிடித்துக் குத்திக்கொள்வார்கள். நடுவர்கள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாராவது ஒருவன் கீழே விழுந்தபிறகுதான் போய்ப் பிரிப்பார்கள், பிரித்து ஆளுக்கு ஐந்து நிமிஷம் வெளியே உட்கார வைப்பார்கள். "அதென்னங்கண்ணு, அம்பயரே வேடிக்கை பாக்குறான்?" என்று அப்பா முதல் தடவை கேட்டபோது அண்ணனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அது அங்கே அப்படித்தான் என்றான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அக்டோபரில் ஆரம்பித்து ஏப்ரல் நடுவில் முடிகிற லீக்கில் இந்த சீசன் ஒவ்வொரு டீமும் 82 மேட்ச் ஆட வேண்டும். கடைசியில் பாதிக்குப் பாதி, அதாவது 16 டீம், பிளேஆஃப் போகும். நாலு பிரிவு, ஒவ்வொன்றிலும் முதல் மூன்று நேராக உள்ளே. மிச்சமுள்ள நாலு இடம் வைல்டு கார்டு, கிழக்கே இரண்டு, மேற்கே இரண்டு. வைல்டு கார்டு என்றதும் அம்மா புரிந்துகொண்டார், டிவியில் பாதி நிகழ்ச்சியில் பெட்டியோடு உள்ளே வருகிறவர்களைப் பார்த்த பழக்கம். "அப்ப வந்ததும் வம்பு இழுப்பானுகளா?" என்றார். சில வருஷம் இழுப்பார்கள். 2023-இல் ஃப்ளோரிடா 92 பாயிண்டோடு கடைசி ஆளாக உள்ளே வந்து, 135 பாயிண்ட் எடுத்து சாதனை படைத்திருந்த பாஸ்டனை முதல் சுற்றிலேயே அனுப்பிவிட்டு ஃபைனல் வரை போனது. அண்ணன் இந்த வருஷம் பூராவும் சொல்லிக்கொண்டிருந்த கதை அதுதான். "உள்ள மட்டும் போயிட்டா போதும், அப்புறம் பாரு."

இனி பாயிண்ட். ஜெயித்தால் 2. அறுபது நிமிஷத்துக்குள் தோற்றால் சைபர். அறுபது நிமிஷம் முடிந்து சமமாக இருந்து, ஓவர்டைம் என்கிற கூடுதல் நேரத்திலோ, அதற்குப் பிறகு ஒவ்வொருவராகத் தனியே கோல்கீப்பருக்கு எதிரே அடிக்கிற ஷூட்அவுட்டிலோ தோற்றால் 1. இந்த மூன்றாவது சமாச்சாரம் 1999-2000 சீசனில் வந்தது. ஷூட்அவுட் 2005-இல் சேர்ந்தது. தோற்றவனுக்கும் ஒரு பாயிண்ட்.

அப்பா இதை ஒத்துக்கொள்ளவே இல்லை. "தோத்தவனுக்கு எதுக்குப் பாயிண்டு? அழுகாம இருக்கறதுக்கா?"

கிட்டத்தட்ட அதற்குத்தான். அது டேபிளை என்ன செய்கிறது என்று பார்த்தால்தான் மார்ச் மாதத்துச் சண்டைகளே புரியும். ஒரு மேட்ச் அறுபது நிமிஷத்தில் முடிந்தால் மொத்தம் 2 பாயிண்ட்தான் விநியோகம். ஓவர்டைம் போனால் 3. ஆகவே நமக்கு மேலே இருக்கிற இரண்டு டீம் ஒன்றோடொன்று மோதும்போது யார் ஜெயித்தாலும் பரவாயில்லை, ஓவர்டைம் மட்டும் போகக் கூடாது. காலையில் எழுந்ததும் அண்ணனுடைய வாய்ஸ் மெசேஜ் இப்படித்தான் இருக்கும்: "மூணு பாயிண்டு போயிடுச்சு பாப்பா." யார் ஜெயித்தது என்று சொல்லவே மாட்டான்.

டேபிளில் எல்லோருமே கிட்டக்கிட்ட இருப்பது போலத் தெரிவதும் இதனால்தான். தோற்றாலும் ஒன்று ஒன்றாக ஏறிக்கொண்டே இருக்கும். விலை ஏறும் ஏறும் என்று மஞ்சளை மூட்டை கட்டி வைத்துக்கொண்டு, ஈரோட்டு ஏலத்தில் குவிண்டாலுக்கு ஐம்பதும் நூறும் ஏறுகிற சேதியை வைத்தே இன்னொரு மாதம் காத்திருக்கிற ஆட்கள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. கால்கரிக்கு இந்த சீசன் பூராவும் அந்தச் சேதிகளிலேயே போனது. மொத்தம் 14 தடவை அப்படித் தோற்று 14 பாயிண்ட் சேர்த்தார்கள். இந்த 14-ஐத்தான் அண்ணன் எண்ண மறுக்கிறான்.

கால்கரியைக் குறை சொல்ல எனக்கு ஆசையில்லை. சீசன் ஆரம்பத்தில் அங்கே எழுதுகிறவர்கள் பலரும் அவர்களை அடிமட்டத்தில்தான் வைத்திருந்தார்கள். கோல் போட ஆள் கிடையாது. தாங்கிப் பிடித்தது டஸ்டின் வுல்ஃப் என்கிற கோல்கீப்பர். முதல் முழு சீசன் ஆடுகிற பையன். டீம்கள் புதுப் பையன்களை வரிசையாகப் பொறுக்கி எடுக்கிற டிராஃப்ட்டில் 2019-இல் 217 பேரை எடுத்தார்கள், அதில் இவனை எடுத்தது 214-ஆவதாக. ஆள் குட்டை என்று எல்லோரும் தள்ளிவிட்டார்களாம். எவ்வளவு உயரம் என்று கேட்டார் அப்பா. ஆறடி என்றான் அண்ணன். "ஆறடி ஆளு குட்டையா? அப்ப நானெல்லாம் அங்க வந்தா குழந்தைங்க சீட்டுல உக்கார வெப்பானுக" என்றார். அன்றிலிருந்து அப்பாவுக்கு வுல்ஃப்பை நெம்பப் பிடித்துப்போயிற்று. கால்கரி தோற்ற நாளில்கூட "பையன் என்ன பண்ணுவான், முன்னால இருக்கறவனுக போடோணுமல்லோ" என்று பரிந்து பேசுவார்.

எதிர்ப்பக்கம் செயின்ட் லூயிஸ். நவம்பரில் கோச்சை மாற்றினார்கள். பாஸ்டன் வேலையை விட்டுத் தூக்கிய ஜிம் மான்ட்கமரியை ஐந்தே நாளில் இவர்கள் கொத்திக்கொண்டார்கள். அப்படியும் பிப்ரவரி வரைக்கும் வைல்டு கார்டு பேச்சில் அவர்கள் பெயரே கிடையாது. பிப்ரவரியில் நாலு நாடுகள் போட்டிக்காக லீக் நின்றது. அதன் ஃபைனலில் கனடாவுக்குக் கோல்கீப்பராக நின்று, அமெரிக்காவுக்கு எதிராக ஜெயிக்க வைத்தவர் ஜோர்டன் பின்னிங்டன், செயின்ட் லூயிஸ்காரர். திரும்பி வந்ததும் டீமே வேறு மாதிரி ஆகிவிட்டது. மார்ச் பாதியிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை வரிசையாக 12 மேட்ச் ஜெயித்தார்கள், அவர்கள் கிளப் வரலாற்றிலேயே அதிகம்.

அந்த மூன்று வாரம் எங்கள் வீட்டுப் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். அண்ணன் தினமும் ஒரு சதவீதம் அனுப்புவான். மிச்ச மேட்ச்களைக் கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான தடவை ஆட வைத்துப் பார்த்து, எத்தனை தடவை உள்ளே வருகிறார்கள் என்று சொல்கிற கணக்கு. அதற்கு வின்னிபெக் தம்பி ஒரே பதில்தான் சொல்லுவான்: "அண்ணா, 2019." 2019 ஜனவரி 3-ஆம் தேதி செயின்ட் லூயிஸ் லீக்கிலேயே கடைசி. ஜூனில் என்எச்எல்லின் ஸ்டான்லி கோப்பை அவர்கள் கையில். அப்போதும் கோல்கீப்பர் இதே பின்னிங்டன். அண்ணன் அதற்கு, "அதெல்லாம் ஒரு தடவதான்டா நடக்கும்" என்பான். ஃப்ளோரிடா மட்டும் எத்தனை தடவை வேண்டுமானாலும் நடக்கும் போலிருக்கிறது.

மேட்ச் கையிருப்பு என்று ஒரு வாதம் இருக்கிறது. நாங்கள் இரண்டு மேட்ச் குறைவாக ஆடியிருக்கிறோம், அதில் நாலு பாயிண்ட் வந்துவிடும் என்பது. நான் ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன். மார்ச் கடைசியில் எங்களிடம் வருகிற பாதிப்பேர் பேசுவது இப்படித்தான், வரவேண்டிய பணத்தை வந்த பணமாகவே எழுதச் சொல்வார்கள். அண்ணன் கையிருப்பு மேட்ச்சைச் சொல்லும்போதெல்லாம் என் கை தானாகப் பேனாவைத் தேடும். ஆடி ஜெயித்தபிறகு சொல்லு என்பேன்.

புதன்கிழமை காலை நடந்ததுதான் கொடுமை. அங்கே ஏப்ரல் 15 ராத்திரி. செயின்ட் லூயிஸ் தன் கடைசி மேட்ச்சில் யூட்டாவை ஜெயித்துவிட்டது. மிச்சமிருந்த ஒரே வழி, மேற்கே மற்ற வைல்டு கார்டு இடத்தில் நின்ற மினசோட்டா. அவர்கள் அனாஹைமிடம் அறுபது நிமிஷத்துக்குள் தோற்க வேண்டும், கால்கரி தன்னிடம் இருக்கிற இரண்டு மேட்ச்சையும் ஜெயிக்க வேண்டும். மினசோட்டா தோற்றுக்கொண்டும் இருந்தது. கடைசி நிமிஷத்தில், அறுபது நிமிஷம் முடிய இருபது செகண்டுதான் பாக்கி என்கிற நிலையில், சமன் செய்துவிட்டார்கள். ஓவர்டைமில் ஜெயிக்கவும் செய்தார்கள். ஆனால் ஜெயித்தது கணக்கே இல்லை. சமன் ஆன அந்த நொடியிலேயே அவர்களுக்கு ஒரு பாயிண்ட் உறுதி, அதுவே போதும். தோற்றவனுக்குக் கொடுக்கிற ஒற்றைப் பாயிண்டால் சீசன் பூராவும் உயிரோடு இருந்த டீமை அதே ஒற்றைப் பாயிண்ட் முடித்து வைத்தது. அன்று ராத்திரியே கால்கரி வேகாஸை ஷூட்அவுட்டில் ஜெயித்தது, அது வேறு விஷயம். அப்பா எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். அண்ணன் வீடியோவை அணைக்க மறந்து, சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசி மேட்ச்சையும் கால்கரி ஜெயித்து 96-இல் முடித்தது. சமமான பாயிண்ட் என்றால் யார் மேலே? அறுபது நிமிஷத்துக்குள் அதிக மேட்ச் ஜெயித்தவர். செயின்ட் லூயிஸ் 32, கால்கரி 31. ஒரே ஒரு மேட்ச்.

எங்கள் வீட்டுக்காரருக்கு ஹாக்கி தெரியாது, சிஎஸ்கே மட்டும்தான் தெரியும். அவருக்கு இது உடனே புரிந்தது. போன வருஷம் மே 18, பெங்களூரு. ஆர்சிபி 218. சென்னை ஜெயிக்கக்கூட வேண்டியதில்லை, 201 எடுத்தால் போதும், ரன் ரேட்டில் உள்ளே போயிருக்கலாம். கடைசி ஓவரில் 17 வேண்டும். முதல் பந்தை தோனி மைதானத்துக்கு வெளியே அடித்தார், அடுத்த பந்தில் அவுட். 191-இல் நின்றது. இரண்டு டீமுக்கும் 14 பாயிண்ட், பெங்களூரு உள்ளே. அந்த ரெண்டாவது பந்தைப் பற்றி எங்கள் வீட்டில் இன்னமும் பேச்சு நடக்கிறது. இந்த வருஷம் அந்தப் பிரச்சனையே இல்லை. வரிசையாக ஐந்து தோல்விக்குப் பிறகு திங்கட்கிழமை லக்னோவை ஜெயித்திருக்கிறார்கள், டேபிளில் அடியில் இருக்கிறார்கள். இவர் அதற்குள் காகிதம் எடுத்து மிச்சம் ஏழு மேட்ச், ஏழிலும் ஜெயித்தால் என்று எழுத ஆரம்பித்துவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று புனித வெள்ளி, ஆபீஸ் லீவு. அண்ணனுக்காக உட்கார்ந்து முழுக் கணக்கையும் போட்டேன்.

செயின்ட் லூயிஸ்: ஜெயித்தது 44, அறுபது நிமிஷத்தில் தோற்றது 30, அதற்குமேல் போய்த் தோற்றது 8. கால்கரி: 41, 27, 14. அண்ணன் பிடித்துக்கொண்டிருப்பது நடு எண்ணை. "நாங்க தோத்தது 27, அவனுக 30. எவன் நல்ல டீம்?" அந்த 14-ஐ எங்கே ஒளித்தாய் அண்ணா? தோல்வி எல்லாம் தோல்விதான். 27-ம் 14-ம் 41. ஜெயித்ததும் 41. எண்பத்திரண்டு மேட்ச்சில் சரிபாதி ஜெயித்து சரிபாதி தோற்ற டீம் உன்னுடையது. செயின்ட் லூயிஸ் 44 ஜெயித்து 38 தோற்றிருக்கிறது. மினசோட்டா 45, 37.

தோற்றவனுக்குப் பாயிண்டே இல்லை என்று வைத்தால் 44-க்கு 41, கால்கரி வெளியே. சரி, ஒலிம்பிக்கிலும் உலக சாம்பியன்ஷிப்பிலும் வேறு முறை இருக்கிறதே, அதில் போட்டுப் பார்ப்போம். அறுபது நிமிஷத்தில் ஜெயித்தால் 3, ஓவர்டைமில் ஜெயித்தால் 2, ஓவர்டைமில் தோற்றால் 1. செயின்ட் லூயிஸுக்கு 96-ம் 24-ம் 8-ம், மொத்தம் 128. கால்கரிக்கு 93-ம் 20-ம் 14-ம், மொத்தம் 127. அதிலும் ஒரு பாயிண்ட் குறைவு! கோல் கணக்கைப் பார்த்தால் இன்னும் மோசம். செயின்ட் லூயிஸ் வாங்கியதைவிட 21 கோல் கூடுதலாகப் போட்டிருக்கிறது. கால்கரி போட்டதைவிட 13 கூடுதலாக வாங்கியிருக்கிறது.

இதை அனுப்பியதும் ஒரே வரியில் பதில் வந்தது: "மினசோட்டாவும் மைனஸ்தான்." உண்மைதான், மைனஸ் 11. இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அவர்கள் 45 ஜெயித்திருக்கிறார்கள்.

எந்தத் தராசில் வைத்தாலும் கால்கரி ஒரு மாற்றுக் குறைந்துதான் நிற்கிறது, இதைத்தான் நான் சொல்ல வந்தேன். என்எச்எல் வரலாற்றில் 96 பாயிண்ட் எடுத்து வெளியே போன டீம்கள் இன்னும் சில உண்டு, அதைத் தாண்டிய பாயிண்டோடு எவரும் வெளியே போனதில்லை. அதைப் பெரிய அநியாயமாக எழுதுகிறார்கள். அந்த 96-ஐ அவ்வளவு உயரத்துக்கு ஏற்றியதே அந்த 14 தோல்விதானே?

அநியாயம் என்று பேச வேண்டுமானால் கொலம்பஸ் பேசட்டும். கிழக்கே கடைசி இடத்துக்கு அவர்களும் மான்ட்ரியாலும்தான் போட்டி. இரண்டு பேரும் ஜெயித்தது ஆளுக்கு 40. மான்ட்ரியால் ஓவர்டைமில் தோற்றது 11, கொலம்பஸ் 9. 91-க்கு 89, மான்ட்ரியால் உள்ளே. அதாவது யார் அதிகமாக இழுத்தடித்துத் தோற்றார்கள் என்பதை வைத்து முடிவாகியிருக்கிறது. கொலம்பஸ் கடைசி ஆறு மேட்ச்சையும் ஜெயித்தார்கள், அதில் கடைசி மேட்ச் ஆடும்போது எல்லாம் முடிந்துபோயிருந்தது. அவர்களுக்கு இது சாதாரண சீசனும் இல்லை. போன ஆகஸ்ட் 29-ஆம் தேதி அவர்களுடைய ஜானி கோட்ரோ, தம்பி மேத்யூவோடு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது கார் மோதி இரண்டு பேருமே இறந்துபோனார்கள். மறுநாள் தங்கச்சி கல்யாணம். ஜானி அதற்கு முன்னால் வருஷக்கணக்கில் ஆடியது கால்கரிக்கு. அண்ணன் வாங்கிய முதல் ஃபிளேம்ஸ் சட்டையில் இருக்கிற பெயர் அவருடையது. கொலம்பஸ் வெளியே போனதற்கு மட்டும் வீட்டில் யாரும் யாரையும் கிண்டல் செய்யவில்லை.

கிண்டலுக்கு டொரன்டோ இருக்கிறது. 1967-க்குப் பிறகு கோப்பை கிடையாது. 2017-இலிருந்து வருஷம் தவறாமல் பிளேஆஃப் போகிறார்கள், இதுவரை ஒரே ஒரு சுற்றுதான் ஜெயித்திருக்கிறார்கள், 2023-இல் டாம்பாவை. பாஸ்டனிடம் சுற்றின் கடைசியான ஏழாவது மேட்ச்சில் தோற்பதைத் தொழிலாகவே வைத்திருந்தார்கள்: 2013, 2018, 2019, 2024. இந்த வருஷம் 108 பாயிண்டோடு பிரிவில் முதலிடம், பாஸ்டன் பிளேஆஃப்பிலேயே இல்லை, எதிரே வருவது 2017-க்குப் பிறகு இப்போதுதான் உள்ளே வருகிற ஒட்டாவா. "இந்த வருஷம் நம்மளுதுங்" என்று அத்தை பையன் சொல்லிவிட்டார். போன வருஷமும் சொன்னார். அவர் அதைச் சொல்லுகிற குரலில் ஒரு நடுக்கம் இருக்கும், கேட்டாலே பாவமாக இருக்கும்.

அண்ணி மட்டும் அலட்டிக்கொள்வதே இல்லை. மெக்டேவிட் இருக்கிறார், 52 கோல் போட்டு லீக்கிலேயே முதலிடத்தில் முடித்த டிரைசைட்ல் இருக்கிறார், எதிரே லாஸ் ஏஞ்சலஸ். நாலாவது வருஷமாகத் தொடர்ந்து முதல் சுற்றில் அதே டீம், முந்தைய மூன்றிலும் எட்மன்டன்தான் ஜெயித்தது. கனடாவுக்குக் கோப்பை வந்து 32 வருஷம் ஆகிறது, 1993-இல் மான்ட்ரியால் எடுத்ததுதான் கடைசி. போன ஜூனில் எட்மன்டன் ஃபைனலில் ஏழாவது மேட்ச் வரை போய் ஃப்ளோரிடாவிடம் விட்டது. இந்தத் தடவை விடமாட்டோம் என்கிறார். கால்கரி வெளியே போனதால் ஏப்ரல் பூராவும் டிவி ரிமோட் தன் கையில்தான் என்பதில் அவருக்கு இன்னும் எச்சா சந்தோஷம்.

நாளைக்கு விடிகாலை மூன்றரைக்கு வின்னிபெக்கும் செயின்ட் லூயிஸும். வின்னிபெக் 116 பாயிண்ட், லீக்கிலேயே முதலிடம், அவர்களுக்கு இதுதான் முதல் தடவை. ஹெல்பக் மாதிரி கோல்கீப்பர் வேறு எவரிடமும் இல்லை. தம்பி ஐந்து மேட்ச்சில் முடிந்துவிடும் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். நான் செயின்ட் லூயிஸ், ஆறு மேட்ச் என்று எழுதியிருக்கிறேன். லீக்கில் முதலிடம் பிடித்த டீம் கோப்பையும் எடுத்தது கடைசியாக 2013-இல், சிகாகோ. வின்னிபெக் போன இரண்டு வருஷமும் முதல் சுற்றில் ஐந்தே மேட்ச்சில் மூட்டை கட்டியது. 2019-இல் செயின்ட் லூயிஸ் கோப்பைக்குப் போன வழியில் முதல் சுற்றில் அடித்துப்போட்டதும் இதே வின்னிபெக்கைத்தான், அதுவும் ஆறு மேட்ச்சில். தம்பி, இதை நீ என்னிடம் தினமும் "2019, 2019" என்று சொன்னபோதே யோசித்திருக்க வேண்டும்.

பிளேஆஃப்பில் ஷூட்அவுட் கிடையாது, ஒற்றைப் பாயிண்டும் கிடையாது. கோல் விழுகிற வரைக்கும் இருபது இருபது நிமிஷமாக ஆடிக்கொண்டே போக வேண்டியதுதான். அப்பாவிடம் சொன்னேன். "இத மொதல்லயே பண்ணியிருக்கலாமல்லோ" என்றார். மூன்றரைக்கு எழுப்பிவிடச் சொல்லியிருக்கிறார். அவருக்கு வின்னிபெக்கும் வேண்டாம், செயின்ட் லூயிஸும் வேண்டாம். எவன் முதலில் கையுறையைக் கழற்றுகிறான் என்று பார்க்க வேண்டுமாம்.